உப்பில்லாத சாம்பார்

நாவலாசிரியை ஆவுடைச்செல்வி மாதாமாதம் தன் வாசகர்களுக்கு ஒரு புத்தகம், ஒரு பாட்டு, ஒரு படம், ஒரு நகைச்சுவை என்று பரிந்துரைக்க வேண்டும். தேர்ந்தெடுப்பது அவளல்ல, பதிப்பகம் அவள் மணிக்கட்டில் பூட்டிவைத்த பட்டை. அவள் எதற்கு நிஜமாகவே கலங்கினாள், எதற்குச் சிரித்தாள் என்பது அதற்குத்தான் தெரியும்; பக்கத்தில் கேட்கும் பேச்சையும் அது பதிந்துகொள்ளும். ஒப்பந்தம் முடிய இன்னும் ஆறு வருஷம்.

போன மாதம் பதிப்பகம் அனுப்பிய நாற்பது நகைச்சுவைகளில் ஒன்றுக்கும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மத்தியானம் கணவர் பேச்சிமுத்து சாம்பார் சோற்றை ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏட்டி, உன் நாவல்ல கதை வர்ற மாதிரிதான் இதுல உப்பும். கடைசிலயாவது வரும்னு சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்" என்றார். புரையேறும்வரை சிரித்தாள்.

முதல் தேதி வந்த பட்டியலில் நகைச்சுவைக்கான இடத்தில் பேச்சிமுத்துவின் குரல் இருந்தது. மூன்று லட்சம் பேர் கேட்டார்கள். டீக்கடையிலும் பஸ்ஸிலும், துக்கம் கேட்கப் போன வீட்டில்கூட, "அண்ணாச்சி, அந்த உப்பைச் சொல்லுங்க" என்று பிடித்துக்கொண்டார்கள்.

அதிலிருந்து அவர் வீட்டில் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்கிறார்.

இன்று ஆவுடைச்செல்வி சாம்பாரில் உப்பே போடவில்லை. எதிரே உட்கார்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.

"எப்படி இருக்குங்க?"

பேச்சிமுத்து அவள் மணிக்கட்டைப் பார்த்தார்.

"நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்தார்.