பக்கத்து சீட்

ஊரை விட்டுக் கிளம்பி இத்தனை நாளாகியும் கிரேன்காரர் கைக்கு ஸ்டியரிங் வரவே இல்லை.

துறைமுகத்தில் காலமெல்லாம் கிரேன் ஓட்டியவர். வீடு மாதிரி இருக்கும் இரும்புப் பெட்டியை அந்தரத்தில் தூக்கி, கப்பலில் பூப்போல வைப்பார். ஓய்வு பெற்ற கையோடு ஒரு வண்டி வாங்கினார். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் பெரிய வண்டி. நாட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் மனைவியோடு போக வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை.

போய்க்கொண்டுதான் இருந்தார், பக்கத்து சீட்டில்.

ஓட்டுவது மனைவி. மழலையர் பள்ளியில் டீச்சராக இருந்தவள். வண்டியையும் வகுப்புக் குழந்தை மாதிரியே கையைப் பிடித்து மெல்ல நடத்திக்கொண்டு போனாள். லாரியெல்லாம் முந்திப் போயிற்று. டிராக்டர் முந்திப் போயிற்று. ஒரு மேட்டில் சைக்கிள்காரர் ஒருவர் தாண்டிப் போகும்போது, பாவம் என்று திரும்பிப் பார்த்துவிட்டு வேறு போனார்.

நான் ஓட்டுகிறேன் என்று முதல் நாளே கேட்டுவிட்டார். கொஞ்சதூரம் போகட்டும் என்றாள். மறுநாள் கேட்டதற்கு, நீங்கள் வழி பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். அதற்கப்புறம், ஆயுசு பூரா ஓட்டியாச்சே, இனி உட்கார்ந்து வேடிக்கை பாருங்கள் என்றாள். எல்லாம் தன்மையாகத்தான் சொன்னாள். சாவி மட்டும் கைமாறவில்லை.

பொறுத்துப் பார்த்தவர் புலம்ப ஆரம்பித்தார். பிரேக் பிடித்தால் புலம்பல், பிடிக்காவிட்டாலும் புலம்பல். பெட்ரோல் போடுகிற ஆளிடம்கூடப் புலம்பினார். தினமும் மகளுக்குப் போன் போட்டு, உங்கம்மாவுக்கு ஸ்டியரிங் பைத்தியம் பிடித்துவிட்டது என்பார். விடுங்கப்பா என்று சொல்லி மகள் பேச்சை மாற்றிவிடுவாள்.

நேற்று மானமே போயிற்று. இந்த மாதிரி வண்டிகள் வந்து தங்குகிற மைதானத்தில், டீச்சர் வண்டியைப் பின்னால் எடுத்து ஓரமாக நிறுத்தப் பார்த்தாள். முன்னே போனாள், பின்னே வந்தாள், மறுபடி முன்னே போனாள். கடைசியில் தண்ணீர்க் குழாய்க் கம்பத்தைச் சாய்த்துவிட்டாள். நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அதில் ஒருவர் ஜன்னல் பக்கம் வந்து கிரேன்காரரிடம் கேட்டார்.

"சாருக்கு வண்டி ஓட்டத் தெரியாதா?"

கிரேன்காரர் ஜன்னலை இழுத்து மூடினார். அதற்கப்புறம் சாப்பாடு இறங்கவில்லை.

இன்று காலை டீச்சர் அழுக்குத் துணியை எடுத்துக்கொண்டு துவைக்கிற இடத்துக்குப் போனாள். கிரேன்காரர் கொக்கியிலிருந்த சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் தூக்கி வைத்தார். அந்த சந்தோஷத்தில் மகளுக்குப் போன் போட்டார்.

"இன்னிக்கு நான்தான் ஓட்டப்போறேன். உங்கம்மா துவைச்சிட்டு வர்றதுக்குள்ள வண்டி மைதானத்துக் கேட்டுல நிக்கும். அவ மூஞ்சி போற போக்கைப் பாக்கணும்."

மகள் மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, சாவியை எடுத்த இடத்துலயே வைங்க."

"நீயும் அவ கட்சியா?"

"வண்டி வாங்கின புதுசுல தலை சுத்தி விழுந்தீங்களே. ஒண்ணுமில்லைன்னு ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டிட்டு வந்தோமே. ஒண்ணுமில்லாம இல்லப்பா. உங்களுக்கு இடது பக்கம் ஓரப் பார்வை போயிடுச்சு. போனதே ஆளுக்குத் தெரியாதாம். இனிமே வண்டியே ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் அம்மாகிட்ட சொல்லிட்டார்."

கிரேன்காரர் கை சட்டைப் பையிலிருந்த சாவியைத் தடவியது.

"சொன்னா அன்னிக்கே வண்டியை வித்துட்டு மூலையில உட்கார்ந்துடுவீங்கன்னு அம்மாவுக்குப் பயம். யாரும் மூச்சு விடக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. யோகா கிளாஸ், யோகா கிளாஸ்னு போனாங்களே, அது லாரி ஓட்டக் கத்துக்குடுக்கிற இடம். தினமும் அங்கேருந்து அழுதுட்டேதான் எனக்குப் போன் பண்ணுவாங்க. இப்பவும் ஸ்டியரிங்கைத் தொட்டா அவங்களுக்கு உள்ளங்கை வேர்த்துக் கொட்டுதுப்பா."

"நீ சொன்னது அவளுக்குத் தெரிய வேண்டாம்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார்.

நேரே கேட்டைப் பார்த்துக்கொண்டு வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினார். விரல்கள் தெரிந்தன. இடது கையை நீட்டி விரல்களை ஆட்டினார். கேட் தெரிந்தது. அதன் மேல் உட்கார்ந்திருந்த காக்கா தெரிந்தது. கையைக் காணவில்லை.

கண்ணாடியை அவள் உயரத்துக்கு இறக்கினார். சாவியைக் கொக்கியில் மாட்டினார். பக்கத்து சீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டார்.

டீச்சர் வந்தாள். ஈரத் துணியை உள்ளே கயிற்றில் உலர்த்திவிட்டு டிரைவர் சீட்டில் ஏறினாள். சாவியைத் திருகுவதற்கு முன்னால் உள்ளங்கை இரண்டையும் மடியில் துடைத்துக்கொண்டாள். தினமும் இப்படித்தான் துடைத்திருப்பாள். அவர் பார்த்தது இன்றைக்குத்தான்.

"என்ன, சத்தமே காணோம்?" அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தவளுக்குக் குரல் மாறியது. "ஏங்க, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"எனக்கென்ன கேடு? நீ ஓட்டற லட்சணத்துக்கு நாம போய்ச் சேர்றதுக்குள்ள அங்க கடலே வத்திப்போயிடும்."

டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாயை மூடிக்கிட்டு வாங்க என்று அதட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

அவர் வாயை மூடவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தார்.