நீங்கள் எந்த வகைத் தலைவர்?

"எல்லாத்தையும் தானே பாத்தாத்தான் நடக்கும்னு நெனைக்கிறாங்க பாருங்க, இவங்கதான் அதட்டல் வகைத் தலைவர்" என்று பயிற்சி கொடுக்க வந்த கோட்டுக்காரர் என்னைக் கைகாட்டினார். தலைமைப் பண்புப் பயிற்சிக்கு வந்திருந்த வார்டு சிஸ்டர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் எழுந்து நின்றதற்குக் காரணம், அவர் மேஜை மேலிருந்த கூடை. உள்ளே நுழையும்போதே எங்கள் போன்களை வாங்கி அதில் போட்டுவிட்டார்கள். என்னுடையது அதிர்ந்துகொண்டே இருந்தது. 'வார்டு' என்று திரையில் மின்னியது.

வார்டில் நான் விட்டு வந்தது ஒரே ஒரு நர்ஸை. புதுசு. ஒன்பதாம் படுக்கைக்காரர் காலையில்தான் ஆபரேஷன் முடிந்து வந்தார், மூச்சே சரியில்லை. அவரை விட்டு நகராதே, ஏதாவதென்றால் கூப்பிடு என்று டெலிபோன் பக்கத்தில் என் எண்ணை ஒட்டிவிட்டு வந்தேன். நானாகவா வந்தேன்? வராவிட்டால் விளக்கம் எழுதிக் கொடு என்றார் மேட்ரன்.

கோட்டுக்காரர் விடவில்லை. "உங்க பொண்ணுங்கள நம்புங்க சிஸ்டர்."

முன்வரிசையிலிருந்து மேட்ரன் திரும்பி முறைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த மனுஷன் வாழ்நாளில் ஒரு நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்திருப்பாரா?

போன் நின்றது. மறுபடி அதிர்ந்தது. அவர் தன் கைக்குட்டையை எடுத்துக் கூடையை மூடினார். மறுபடி சிரிப்பு.

பாவம், அந்தப் பெண் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கதவு திறந்தது. டீத் தட்டைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு ஒருத்தி வந்தாள்.

அவளேதான்.

என்னைப் பார்த்ததும் அழுதுவிடுவாள் போலிருந்தது. "நீங்க இங்க வந்ததுமே மேட்ரன் கூப்பிட்டுட்டாங்க சிஸ்டர். டீ குடுக்க ஆள் இல்லையாம்."

அப்படியானால் இவ்வளவு நேரம் கூப்பிட்டது இவள் இல்லை.

நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினேன். குறுக்கே வந்த கோட்டுக்காரரை ஒதுக்கிவிட்டுப் போனை எடுத்தேன். மேட்ரன் என்னவோ கத்தினார். கத்தட்டும்.

பேசியது ஒன்பதாம் படுக்கைக்காரரின் மனைவி.

இதோ வந்துட்டேன்மா, ஓடி வர்றேன் என்றேன்.

"இனிமே மெதுவாவே வாங்க, சிஸ்டர்."