பாட்டில் மூடி

"பார்க்குக்கு இன்னையோட ஒரு கும்பிடு மாமா! இனிமே குட்டியைத் தூக்கிட்டு நீங்க எங்கேயும் போக வேண்டாம்."

பல் ஆஸ்பத்திரி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மருமகள் ஆரம்பித்துவிட்டாள்.

ரிடையர் ஆனதிலிருந்து மாமனாருக்கு இருந்த ஒரே வேலை அதுதான். சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பேரனோடு பார்க். அதற்கு நாலு மணிக்கே சட்டையை மாட்டிக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"ரெண்டரை வயசுல நாலு பல்லு அரிச்சுப் போச்சு. எப்படின்னு எனக்குத் தெரியாதா? உங்க சட்டைப்பையில ஏதோ சரசரங்குதே, அது சாக்லேட்தானே?"

"இல்லம்மா..."

"நம்பிட்டேன்!"

உள்ளே கூப்பிடுவதற்குள் குட்டி கண்ணைக் கசக்கிக்கொண்டு சிணுங்கினான்.

"ஐயாவுக்குத் தூக்கம் வந்தாச்சு. மாமா, பாட்டிலை எடுங்க."

எடுத்தார். மூடியை இப்படித் திருகினார். அப்படித் திருகினார். அசைந்து கொடுக்கவில்லை.

"அமுக்கிட்டுத் திருகணும்னு எத்தனை தடவைதான் சொல்றது! குடுங்க." ஒரே திருகில் திறந்து குட்டியின் வாயில் வைத்தாள். பக்கத்து நாற்காலிப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தாள். "இது வாயில இருந்தாதான் கண்ணை மூடுவான். அப்புறம்தான் எனக்கு வீட்டுல ஒரு வேலை ஓடும்."

பாதிப் பால் குடிப்பதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். பாட்டிலை மூடி மாமனாரிடம் கொடுத்துவிட்டு, குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"தாத்தா செல்லம் டாக்டர். தினமும் சாக்லேட் வாங்கிக் குடுத்து, பல்லு எல்லாம் போச்சு. அந்தப் பையைக் காட்டச் சொல்லுங்க!"

மாமனார் சட்டைப்பையிலிருந்ததை எடுத்து மேஜை மேல் வைத்தார். பாதி தீர்ந்த பிரஷர் மாத்திரை அட்டை.

டாக்டர் சிரித்துக்கொண்டே குட்டியின் மேலுதட்டைத் தூக்கி டார்ச் அடித்தார். சிரிப்பு நின்றது.

"மேல்வரிசை முன்பல்லு நாலும் அரிச்சிருக்கு. கீழ்வரிசை பளிச்சுனு இருக்கு, நாக்கு அதை மூடிக் காப்பாத்தியிருக்கு. இது பாட்டில் பண்ற வேலை. சர்க்கரை போட்ட பாலை வாயில வெச்சுக்கிட்டே தூங்கினா, அது பல்லு மேலயே தேங்கி நிக்கும். குழந்தையைப் பாட்டிலோட தூங்க வைக்கிறது யாரு?"

அவ்வளவு நேரம் மூச்சு விடாமல் பேசியவள், குனிந்து குட்டியின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்ய ஆரம்பித்தாள்.

"நான்தான் டாக்டர்."

சொன்னது மாமனார்.

"அழுதா எனக்கு மனசு கேக்காது. சர்க்கரையும் கொஞ்சம் தூக்கலாப் போட்டுடுவேன்."

"வயசுல பெரியவர், உங்களுக்கே தெரிய வேண்டாமா? நல்ல வேளை, ஆழமாப் போகலை. இன்னைக்கே சுத்தம் பண்ணி அடைச்சிடலாம். இனிமே தூங்கறப்ப பாட்டில் குடுத்தா வெறும் தண்ணிதான். பால் குடிச்சதும் ஈரத்துணியால பல்லைத் துடைச்சு விடணும். காலையிலயும் ராத்திரியும் சின்ன பிரஷ்ஷால தேச்சு விடணும். புரியுதா?"

"புரியுது டாக்டர்." வகுப்பில் எழுப்பி நிற்க வைத்த பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு சர்க்கரை போடறீங்கன்னு பார்ப்போம். அந்தப் பாட்டிலைத் திறங்க."

மாமனார் மூடியை இப்படித் திருகினார்.

அப்படித் திருகினார்.

டாக்டர் அவர் கையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

அவள் கையை நீட்டினாள். "குடுங்க மாமா. அது என் கைக்குத்தான் திறக்கும்."

திறந்து மேஜை மேல் வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்: "கொஞ்சம் சீக்கிரம் அடைச்சு விடுங்க டாக்டர். அஞ்சு மணிக்கு இவங்க ரெண்டு பேரும் பார்க்குக்குப் போகணும்."