ரேடியேட்டர் மூடி

"இந்த மூடி யாரோடதுடா?"

இஷெனாலியின் கையில் பெரிய ஸ்பானர் இருந்தது. எதிரே அவன் மனைவியின் தம்பி மெதெர் நின்றான். மெதெருடைய டிராக்டர் தலை முதல் கால் வரை துருப்பிடித்துக் கிடக்க, ரேடியேட்டர் மூடி மட்டும் பளபளவென்று இருந்தது.

"என்னோடதுதான் அத்தான். வசந்த காலத்துல நாரின் சந்தையில வாங்கினேன்."

"நல்லாப் புளுகுறே! இதை வித்துட்டு ரஷ்யாவுக்கு வேலைக்குப் போகப் போறே. மூடி இல்லாத வண்டியை எவன் வாங்குவான்? அதான் என் வண்டியில கைய வச்சுட்டே."

இஷெனாலிக்கு வயிறு எரியாதா பின்னே? ஆசையாய் வளர்த்த செவலைக் குதிரையை விற்று, இருந்த சேமிப்பையும் வழித்துப் போட்டு, பக்கத்து ஊர் புர்மகான் அக்காவிடம் அந்தப் பழைய டிராக்டரை வாங்கியிருந்தான். மெதெர்தான் பத்து நாள் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்து இன்ஜினைச் சரிசெய்து நேற்றுக் கொடுத்தான். சல்லிக்காசு வாங்கவில்லை.

இன்று காலை வண்டி ஆற்றுப் பாலத்தைக்கூடத் தாண்டவில்லை. குபுக்கென்று பொங்கி வெந்நீரைப் பீய்ச்சியடித்தது. பார்த்தால், மூடி இருக்க வேண்டிய இடத்தில் கந்தல் துணியைச் சுருட்டி அடைத்திருந்தது!

அக்கரைச் சரிவில் அறுத்துப்போட்ட புல் அப்படியே கிடக்கிறது. மலைக்கு மேலே மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது. புல் நனைந்து அழுகினால் பனிக்காலம் முழுக்க ஆடு மாடுகளுக்கு எதைப் போடுவது?

"மூடி ஒண்ணு வாங்கிப் போடுங்கன்னு நேத்தே சொன்னேனே அத்தான்."

"சொன்னே. பழசு எங்க போச்சுன்னு சொன்னியா?"

"எனக்கென்ன தெரியும்? வண்டி முகத்துல கட்டியிருந்த கம்பளியைப் பிரிச்சப்பவே உள்ள துணிதான் இருந்துச்சு."

"விலை பேசுறதுக்கு முன்னாடி நானே என் கையால மூடியைத் திறந்து தண்ணியைப் பார்த்தேன்டா!"

அது உண்மைதான். வண்டியை லாரியில் ஏற்றுவதற்கு முன் புர்மகான் அதன் முகப்பில் ஒரு கம்பளித் துண்டைக் கட்டிவிட்டார். "குளிர் தாங்காதுப்பா இதுக்கு" என்று தடவிக்கொடுத்தார். செத்துப்போன புருஷன் இருபது வருஷம் ஓட்டிய வண்டி. இஷெனாலிக்கே கண் கலங்கிவிட்டது. அந்தக் கம்பளியை அதற்குப் பிறகு பிரித்தது மெதெர் ஒருவன்தான்.

"வேணும்னா இதைக் கழட்டிக்கிட்டுப் போங்க. திருடன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றான் மெதெர்.

"திருடனைத் திருடன்னுதான்டா சொல்லுவேன்!"

தெருவே கேட்டது. இஷெனாலிக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. மூடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினான். மெதெரின் டிராக்டர் வாயைத் திறந்தபடி நின்றது.

வீட்டில் மனைவி சல்கின் அழுது தீர்த்தாள். "பத்து நாள் உங்களுக்காக எண்ணெயில குளிச்சான் என் தம்பி. அவனையா திருடன்னீங்க? குதிரையும் போச்சு, தம்பியும் போச்சு. அதோ, கயிறு மட்டும் ஆணியில தொங்குது. அதைப் பார்த்துக்கிட்டே உக்காருங்க!"

"கயிறைப் பத்திப் பேசாதே" என்று சீறினான் இஷெனாலி. குதிரையை வாங்கியவன் எவ்வளவோ கேட்டுப் பார்த்தும் தலைக்கயிற்றை மட்டும் அவன் கொடுக்கவில்லை. கயிறு போனால் வீட்டின் பாக்கியமும் அதோடு போய்விடும் என்பது தெரியாதவனா அவன்?

மூடி கச்சிதமாகப் பொருந்தியது. மழைக்கு முன் புல் வீடு வந்து சேர்ந்தது. "பார்த்தியா, என்னோட மூடி, எப்படி உட்காருது பாரு" என்றான். இரண்டும் ஒரே மாதிரி வண்டி, எந்த மூடியும்தான் உட்காரும்.

மறுநாள் காலை மெதெர் பேருந்து ஏறிவிட்டான். வண்டியை விற்கவில்லை, அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனுக்காக அவள் சுட்டு வைத்திருந்த ரொட்டி அப்படியே இருந்தது. பயணம் போகிறவன் ஒரு வாய் கடித்துவிட்டுப் போனால், மிச்சத்தைத் தின்ன ஒருநாள் திரும்பி வருவான். இந்த ரொட்டியில் பல்லே படவில்லை. சல்கின் அதைத் துணியில் சுற்றி, கயிறு தொங்கிய ஆணிக்குக் கீழே வைத்தாள்.

நான்காம் நாள், விற்ற வண்டி எப்படி ஓடுகிறது என்று பார்க்கப் புர்மகான் வந்தார். கையில் ஒரு கிண்ணம் வெண்ணெய். சல்கின் தேநீர் ஊற்றினாள்.

"வண்டிக்கு ஒரு குறையும் இல்லக்கா. என் மச்சினன்தான் மூடியைத் திருடிட்டான். தெருவுல நிக்க வச்சு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். ஊரை விட்டே ஓடிட்டான்" என்றான் இஷெனாலி.

"எந்த மூடி?"

"ரேடியேட்டர் மூடிதான். நீங்க கம்பளி கட்டி விட்டீங்களே, அதுக்குள்ள இருந்தது."

வாய்க்குக் கொண்டுபோன தேநீரைப் புர்மகான் மெல்லக் கீழே வைத்தார். ஆணியில் தொங்கிய கயிற்றைப் பார்த்தார். பிறகு இஷெனாலியைப் பார்த்தார்.

"நீ குதிரையை வித்தப்போ தலைக்கயிறைக் குடுத்தியா தம்பி, நான் மூடியைக் குடுக்குறதுக்கு?"