ஹாரிபிளுக்கு வேர் எங்கே?

“மேடம், ‘ஹாரிபிள்’னா என்ன அர்த்தம்?”

“பயங்கரம்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அகராதி ஆபீஸ்ல உட்கார்ந்துக்கிட்டு இதைக் கேக்கறியே!”

“எனக்குத் தெரியும் மேடம். நம்ம அகராதிக்குத்தான் தெரியல.”

பிழை திருத்தும் பெண் அச்சுப்படியை நீட்டினாள். ‘ஹாரிபிள்: டெரிபிள் பார்க்க’ என்றிருந்தது. டெரிபிளுக்குப் போனால் ‘ஹாரிபிள் பார்க்க’. காலையிலிருந்து செக்குமாடு மாதிரி சுற்றியதில் அவளுக்குத் தலை கிறுகிறுத்தது. வேலையில் சேர்ந்து மூன்றே நாள். நாலு மணிக்குள் பக்கம் சரியாகாவிட்டால் நாளை முதல் வரவேண்டாம் என்று அகராதியின் தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டார்.

“நான் அர்த்தம், வேர் எல்லாம் முழுசா எழுதிக் கொடுத்தேன். ‘டி’ எழுத்து அவரோடது. அவரைக் கேளு.” ‘எச்’ எழுத்துக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

‘டி’ எழுத்துக்காரர் நாலடி தள்ளி, எதிர் மேஜையில்தான் இருந்தார். “நானும் முழுசாத்தான் எழுதினேன்னு அந்தம்மாகிட்ட சொல்லு.”

“எனக்குக் காது கேக்குதுன்னு அவர்கிட்ட சொல்லு.”

மூன்றரை மணி ஆயிற்று. பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது. “உங்களுக்குள்ள என்ன பகையோ, எனக்கு ஒண்ணும் புரியல. என் வேலை போயிடும் சார்!”

‘டி’ எழுத்துக்காரர் சுவரைப் பார்த்துச் சொன்னார். “டெரிபிளுக்கு லத்தீன்ல ‘டெரேரே’. பயமுறுத்தறது.”

“ஹாரிபிளுக்கு ‘ஹொரேரே’. மயிர்க்கூச்செறியறது. ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?”

“பயந்தாத்தானே மயிர் சிலிர்க்கும்? அப்போ என் வார்த்தைதான் முதல்ல.”

“குளிருக்கும்தான் சிலிர்க்கும். இதுகூடத் தெரியாம லத்தீன் படிச்சாராம்!”

“யாரைப் பார்த்துச் சொல்றே?”

“உங்களைத்தான்!”

நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. பெண் பதறிப்போய்த் தலைமை ஆசிரியர் அறைக்கு ஓடினாள்.

“சார், ரெண்டு பேரும் அடிச்சுக்கப் போறாங்க! தப்பு யார் பேர்லன்னே தெரியல!”

“என் பேர்லதான். அவங்க சரியாத்தான் எழுதியிருந்தாங்க. நான்தான் அடிச்சு மாத்தினேன்.”

“நீங்களா? எதுக்கு சார்?”

வெளியே கேட்ட கூச்சலை அவர் நிம்மதியாகக் காது கொடுத்துக் கேட்டார்.

“ஒரே வீட்ல இருந்துக்கிட்டு, எம் மகனும் மருமகளும் பேசி மூணு வாரமாச்சும்மா.”