கட்டம் கட்டமாக ஒரு முகம்

"மொகம் சுத்தமா தெரியல அங்கிள். சேலை நிறம் மட்டும்தான் தெரியுது," என்று வீட்டுப் பெரியவரிடம் மொபைலைக் காட்டினான் கேமரா மெக்கானிக் குணா.

குட்வில் எஸ்டேட் வீட்டின் ஜன்னலோரம், மஞ்சள் சேலையில் அந்த அம்மாள் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மொபைலில் அவர் முகம் கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்தது.

குணாவைப் போனில் கூப்பிட்டது கோயம்புத்தூரில் இருக்கும் மகள் அகிலா. அம்மா வைஜெயந்திக்குப் பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டதால் போனில் பேச வழியில்லை. இரண்டு முறை கரு கலைந்து, அகிலாவுக்கு இப்போது எட்டாம் மாதம். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, மனசு அதிரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கேமராவில் அம்மாவைப் பார்ப்பது ஒன்றுதான் ஆறுதல், அந்த முகத்தைத் தெளிவாக்கிக் கொடுங்கள் என்று அழுதாள்.

செட்டிங்கைத் திறந்ததுமே குணாவுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. லென்ஸில் குறையில்லை. பிட்ரேட்டை யாரோ அடிமட்டத்துக்கு இறக்கியிருந்தார்கள். நொடிக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்று கையைக் கட்டிப்போட்டால் கேமரா என்ன செய்யும்? கண்ணையும் மூக்கையும் விட்டுவிட்டு நிறத்தை அனுப்பும்.

"நான்தான் கொறைச்சேன் தம்பி. நெட் ஸ்லோ. விடுங்க, இப்படியே இருக்கட்டும்," என்றார் அகிலாவின் அப்பா ஜம்புலிங்கம். தொப்பியைக் கழற்றி வேர்வையைத் துடைத்தார். மழித்த தலையில் முடி அப்போதுதான் அரும்பியிருந்தது. ஏதோ கோயில் வேண்டுதல் போல.

குணாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நெட் நன்றாகத்தான் ஓடுகிறது. பெற்ற பெண் இப்படித் தவிக்கும்போது இதில் போய் கணக்குப் பார்ப்பதா? எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனுஷன். அவர் தடுக்கத் தடுக்க பிட்ரேட்டை ஏற்றி, கேமராவை ரீஸ்டார்ட் செய்தான். பச்சை விளக்கு அணைந்தது.

"இப்ப ஆஃப்ல இருக்கு. திரும்ப ஆன் ஆனதும் அகிலா அக்கா அவங்கம்மா மொகத்த நல்லா பாப்பாங்க."

ஜம்புலிங்கம் சுவரில் சாய்ந்து, முகத்தை மூடிக்கொண்டு விம்மினார்.

அந்த அம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். அணைந்த விளக்கை ஒரு தரம் பார்த்துவிட்டு, குணாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பழையபடி கொறைச்சிடுங்க தம்பி. எங்க அக்கா போயிட்டா, நான் அகிலாவோட சித்தி."