பார்க்கிற கதிரை

"ஏழு சனிக்கிழமை மிஸ்! ஏழு சனிக்கிழமையா என்ட பிள்ளை இந்தச் சிவப்புக் கதிரையிலயே குந்திக்கொண்டு இருக்கிறா. கதிரை எங்கட வீட்டிலயும் இருக்குத்தானே?"

பிறிஜெற் போட்ட சத்தத்தில் வெள்ளவத்தை மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கேட்க வேணுமா, கொட்டாஞ்சேனை வீட்டில் அவள் வாய் திறந்தால் மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

சிறுவர் நாடகப் பட்டறை நடத்தும் அனுஷியா மிஸ்ஸுக்குக் கோபமே வரவில்லை.

"அது பார்க்கிற கதிரை, பிறிஜெற். விளையாட மனமில்லாத ஆள் அதில இருந்து பார்க்கலாம். ஏனெண்டு ஒருத்தரும் கேக்கக்கூடாது. எங்களிட்ட இருக்கிற ஒரே சட்டம் அதுதான்."

"கேக்காட்டி எப்பிடி மிஸ் வாய் திறப்பா?"

"திறக்கேக்க திறப்பா."

பிறிஜெற்றுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல சட்டம்!

அவள் மகள் ஷெரோனுக்கு ஒன்பது வயது. வீட்டில் வாய் ஓயமாட்டாள். வாசலைத் தாண்டினாலோ பூட்டுப் போட்டதுதான். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால்கூடக் கையைத்தான் தூக்குவாள். கோயிலில் காண்கிற சனமெல்லாம், "பிள்ளை கதைக்காதோ?" என்று விசாரிக்கும்போது பெற்ற வயிறு எரியும்.

அதற்காகத்தான் இரண்டு பஸ் மாறி இங்கே கூட்டிக்கொண்டு வருகிறாள். நாலு பேருக்கு முன்னால் ஒரு வார்த்தை, ஒரேயொரு வார்த்தை பேசட்டும். அந்தோனியாருக்கு மெழுகுதிரி கூட நேர்ந்தாயிற்று.

வெளியே காத்திருந்த மற்றப் பெற்றோரிடமும் அவள் விடவில்லை.

"வெட்கமாம், வெட்கம்! நாலு பேருக்கு முன்னால நிண்டு பேசுறதுக்கு என்ன பயம்? இப்ப என்ட கையில ஒரு மைக்கைத் தாங்கோ, விடிய விடியப் பேசுவன்!"

செட்டியார் தெருவில் கடை வைத்திருக்கும் ஸ்ரீநிவாசன், "அப்படியாக்கா!" என்று வாயைப் பிளந்தார். அவர் மகளும் இதே பட்டறையில்தான்.

எட்டாவது சனிக்கிழமை, பெற்றோர் பார்க்க வரலாம் என்றார்கள்.

பிள்ளைகள் போட்ட நாடகம், கொழும்பின் காலி வீதியில் ஓடும் ஒரு பஸ். மாளிகாவத்தையிலிருந்து வரும் பர்ஹாதான் டிரைவர். அவளுடைய சக்கர நாற்காலிதான் டிரைவர் சீட், ஒரு பிளாஸ்டிக் தட்டு ஸ்டியரிங். மற்றப் பிள்ளைகள் அவளுக்குப் பின்னால் இடித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தன் ஏறும்போதே நித்திரை.

ஷெரோன்? அதே சிவப்புக் கதிரை.

பிறிஜெற் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தோனியாரே, இதற்கா நேர்ந்தேன்!

"அடடா, எங்கட பஸ்ஸுக்குக் கொண்டக்டர் இல்லையே!" என்றார் அனுஷியா மிஸ். "அம்மா அப்பாமாரில ஆராவது வாறீங்களா?"

"இருக்காங்களே!" ஸ்ரீநிவாசன் துள்ளி எழுந்தார். "நம்ம பிறிஜெற் அக்கா! மைக் குடுத்தா விடிய விடியப் பேசுவாங்க!"

கைதட்டல் எழுந்தது. பக்கத்திலிருந்த இரண்டு பேர் அவளை எழுப்பி நடுவில் கொண்டுபோய் நிறுத்தியும் விட்டார்கள்.

பிறிஜெற் நிமிர்ந்து பார்த்தாள். எல்லாக் கண்ணும் அவள் மேல்.

கொண்டக்டர் என்ன சொல்லுவான்? ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் கேட்கிறதுதானே! ஒன்றும் வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மூன்று வீட்டுக்குக் கேட்கும் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"சொல்லுங்கக்கா!" ஸ்ரீநிவாசன் சிரித்தார். "ஏன், பேச மாட்டேங்கிறீங்க?"

நாலைந்து பேர் சேர்ந்து சிரித்தார்கள். பிறிஜெற்றுக்கு அழுகை முட்டியது.

கர்ர்ர்ர்...

தரையில் ஏதோ இழுபடும் சத்தம். எல்லோரும் திரும்பினார்கள்.

ஷெரோன் அந்தச் சிவப்புக் கதிரையை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு வந்தாள். அம்மாவுக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"இருங்கோ அம்மா."

மண்டபம் முழுக்கக் கேட்டது. பிறகு ஸ்ரீநிவாசன் பக்கம் திரும்பினாள்.

"இதில இருக்கிற ஆக்களிட்ட ஏனெண்டு கேக்கக்கூடாது, அங்கிள்."

பிறிஜெற் தொப்பென்று கதிரையில் உட்கார்ந்தாள்.

அம்மாவின் தோளிலிருந்த ஹேண்ட்பேக்கைக் கழற்றித் தன் தோளில் குறுக்கே மாட்டிக்கொண்டாள் ஷெரோன். பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்று ஒரு மூச்சு இழுத்தாள்.

"இஸ்ஸரஹட்ட யன்ட! முன்னுக்குப் போங்கோ! கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்த, வெள்ளவத்த, வெள்ளவத்த! அண்ணை, நித்திரை கொண்டது காணும், உள்ளுக்குப் போங்கோ!"

அம்மாவின் குரலேதான்! மூன்று வீடென்ன, முப்பது வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

"ரைட், போகலாம்!"

"பாம், பாம்!" என்று பர்ஹா தட்டைத் திருப்ப, பஸ் புறப்பட்டது. மண்டபத்தைச் சுற்றி ஒருதரம், இன்னொருதரம். பெற்றோரெல்லாம் எழுந்து நின்று தட்டினார்கள். அனுஷியா மிஸ் மட்டும் ஒரு மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சிவப்புக் கதிரையில் பிறிஜெற் தேம்பித் தேம்பி அழுதாள்.

ஸ்ரீநிவாசன் பதறிப்போய்க் கிட்ட வந்தார். "மன்னிச்சுக்குங்கக்கா, விளையாட்டாத்தான் சொன்னேன். பொண்ணு வெளுத்து வாங்குது, நீங்க ஏன் அழுறீங்க?"

பிறிஜெற் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கதிரையின் கைப்பிடியைத் தட்டிக் காட்டினாள்.

"சட்டம் தெரியாதே உங்களுக்கு? கேக்கக்கூடாது!"